காணி கேட்ட கோயில்

திருவள்ளூர் என்றதும் வீரராகவப் பெருமாளும், அமாவாசைக் கூட்டமும், குளத்திலே கரைக்கப்படும் வெல்லமும்தான் பலருக்கு நினைவு வரும். வெல்லம் கரைத்துத் திரும்புவோர் ஊரை அடுத்துள்ள இக்காட்டை எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே ஒரு கிறித்தவக் கோயில் உண்டு; அந்தச் சபையார் நிறுவிய மருத்துவமனை உண்டு. 'பகுத்தறிவு பேசும் நமக்குக் கோயிலில் என்ன வேலை?' என்று தோழர்கள் கேட்கலாம். கடவுளைத் தேடி அல்ல, நம் நாட்டு நில வரலாற்றில் கிழிந்துபோன ஓர் ஏட்டைத் தேடி அங்கே போகலாம்.

வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையின் ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்தார். மேல்சாதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் புகட்டினால் கிறித்தவம் தானாகக் கீழே இறங்கும் என்பது அக்கால மிஷனரிகள் பலருடைய நம்பிக்கை. பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பெற்றுக்கொண்டனர்; உத்தியோகத்தையும் பெற்றுக்கொண்டனர். ஞானஸ்நானத்தை மட்டும் நாசூக்காக மறுத்துவிட்டனர்! கெட்டிக்காரர்கள்.

1882இல் வந்த வில்லியம் கௌடி, ஷெட்லாந்துத் தீவிலே பிறந்தவர். அவர் திருவள்ளூர் வட்டாரத்துச் சேரிகளை நோக்கி நடந்தார். அங்கே அவர் கண்டது என்ன? மிராசு முறை என்னும் இரும்புப் பிடி. ஊரின் விளைநிலம் மட்டுமா மிராசுதாருடையது? தரிசின்மீதும் அவருக்கே முதலுரிமை. சேரிக்காரர் ஒருவர் தரிசு கேட்டுத் தர்க்காஸ்து மனுப் போட்டால், 'எனக்கு வேண்டும்' என்று மிராசுதார் ஒரு சொல் சொன்னால் போதும், மனு மாண்டது. குடிசை நின்ற இடமும் பல ஊர்களில் அவருடைய பிடியிலேயே இருந்தது. எதிர்த்துப் பேசினால் கூரைக்கு ஆபத்து. கடனுக்குக் கட்டுண்ட படியாள், மகனையும் அக்கடனுக்கே விட்டுச் சென்றான். பொதட்டூர்பேட்டையிலே தறி நெய்பவர், கூலி கட்டாவிட்டால் வேறு முதலாளியிடம் பாவு கேட்டுப் பார்க்கலாம். படியாளுக்கு அந்த வாசலும் அடைப்பு.

இந்த மக்கள்தாம் கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர்ந்தனர். 'சோற்றுக் கிறித்தவர்' என்று நகைத்தனர், வயிறு நிறைந்தவர்கள். சோறு கேட்பது குற்றமா? மோட்சம் கேட்டு வந்தவனைவிட, நிலம் கேட்டு வந்தவன் தன் நிலைமையைத் தெளிவாக அறிந்தவன் என்பேன். சபை தந்த பெருங்கொடை ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடம். அதனுடன் மனு எழுதத் தெரிந்த உபதேசியார் ஒருவர் சேரிக்குள் வந்து நின்றார். மிராசுதாரை அஞ்ச வைத்தது விவிலியம் அன்று, அந்த மனுதான்.

திருவள்ளூரை உள்ளடக்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமன்ஹீர், 1891இல் இம்மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892 செப்டம்பர் 30இல், தாழ்த்தப்பட்டோருக்குத் தரிசு ஒதுக்க வழிசெய்யும் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலத்தின் பிறப்பு அதுவே. 1894இல் கௌடியும், பறையரையும் நிலத்தையும் பற்றி 'ஹார்வெஸ்ட் ஃபீல்டு' என்னும் மிஷன் இதழில் எழுதினார்.

ஆயினும், வெள்ளையர் இரக்கத்தால் கிடைத்த பிச்சை என்று இதை எழுதிவிடக் கூடாது. அதே 1892இல் சென்னை மகாசன சபையிலே, பள்ளியும் நிலமும் வேண்டுமென்று எழுந்து கேட்டவர் அயோத்திதாசப் பண்டிதர். கோரிக்கை நம்மவருடையது, உபதேசியார் கையில் எழுதுகோல் இருந்தது.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இங்கிருந்த வெஸ்லியன் மெதடிஸ்டுகள் அதில் இணைந்தனர். பழைய பெயர் மறைந்தது. திருவள்ளூர்ப் பள்ளி ஒன்று கௌடியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பஞ்சமி நிலமோ, பிறருக்கு விற்கக் கூடாதென்ற நிபந்தனை இருந்தும், பல ஊர்களில் கைமாறிப் போயிற்று.

காரணை ஊர்ப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10இல் செங்கற்பட்டில் மக்கள் திரண்டனர். காவல்துறை சுட்டது. மாண்டவர் இருவர்: ஜான் தாமஸ், ஏழுமலை. ஒருவருக்கு விவிலியப் பெயர். மற்றவருக்குத் திருப்பதி மலையின் பெயர். இருவரும் கேட்டது ஒரே காணி.