முதல் இந்தி எதிர்ப்பில் சைவப் புலவரும் சுயமரியாதை இயக்கத்தாரும்

சென்னை மாகாணத்தில் 1937ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பொறுப்பேற்ற இராசாசி அமைச்சரவை, இந்தியைப் பள்ளிகளிற் கட்டாயப் பாடமாக்க முனைந்தது. 1938 ஏப்பிரலில் 125 பள்ளிகளுக்கு ஆணை பிறந்தது. அதனை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியைத் தமிழ்ப்பற்றின் விளைவென்று கூறி அமைதல் பெருவழக்கு. கொள்கையான் முரணியோர் ஆங்கு ஓரணியில் நின்றது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

அம்முரண் சிறிதன்று. சுயமரியாதை இயக்கத்தார் சமயத்தையும் புராணத்தையும் கடிந்தனர். அவர்க்கு விடையிறுக்கச் சைவர்கள் 1929இல் திருநெல்வேலியில் மாநாடு கூட்டினர். ஆயினும், திருச்சியினின்று புறப்பட்ட நடைப்படை 1938 செப்டம்பர் 11ஆம் நாள் சென்னையை அடைந்தபோது, திருவல்லிக்கேணிக் கடற்கரைக் கூட்டத்தில் மறைமலையடிகளும் ஈ. வெ. இராமசாமியாரும் ஒரே மேடையில் தோன்றினர்.

இதற்குக் காரணங்கள் மூன்றெனக் கருதுகின்றோம். முதலாவது, கோரிக்கையின் குறுக்கம். கட்டாயம் நீங்குக என்பதை ஏற்கச் சைவர் திருநீற்றைத் துறத்தலும் வேண்டா. பகுத்தறிவாளர் அதனை அணிதலும் வேண்டா. இரண்டாவது, தலைமைப் பகிர்வு. 1938 மே 28ஆம் நாள் திருச்சியில் அமைந்த எதிர்ப்புக் குழுவிற்குச் சோமசுந்தர பாரதியார் தலைவரும் கி. ஆ. பெ. விசுவநாதம் செயலாளருமாயினர், ஈ. வெ. ரா.வும் கரந்தை உமாமகேசுவரனாரும் உறுப்பினராயிருந்தனர். பேரியக்கத்தின் தலைவர் முதலிடத்தைப் புலவர்க்கு விட்டமை கருதத்தக்கது. மூன்றாவது, பணிப்பகிர்வு. புலவர் மொழிநூற் சான்றுகளை நல்கினர். இயக்கம் தொண்டரையும் இதழ்களையும் நல்கியது. அடிகளாரின் மகளார் நீலாம்பிகையார் தலைமையில் 1938 நவம்பர் 13ஆம் நாள் கூடிய பெண்கள் மாநாடே ஈ. வெ. ரா.வுக்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தை வழங்கிற்று.

ஆயிரத்தின் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர்நீத்தனர். 1940 பிப்பிரவரி 21ஆம் நாள் கட்டாயம் நீக்கப்பட்டது. உலகப்போரை முன்னிட்டு 1939 அக்டோபரில் அமைச்சரவை விலகியதும் இதற்கு வழி திறந்தது என்பதை மறத்தலாகாது.

வெற்றிக்குப்பின் பழைய முரண் மீண்டும் தலைதூக்கிற்று. 1943இல் கம்பராமாயணத்தை எரித்தல் தகுமா என்னும் சொற்போர் சேலத்தில் நிகழ்ந்தபோது, அண்ணாவை எதிர்த்துக் கம்பன் பக்கம் நின்றவர் முன்னாள் எதிர்ப்புக் குழுத் தலைவராகிய பாரதியாரே. இதனைக் கூட்டணியின் தோல்வி என்பாரும் உளர். அது பொருந்தாது. ஒருமித்த கொள்கையை அக்கூட்டணி என்றும் உரிமை கொண்டாடியதில்லை. ஏற்ற ஒரு பணியை முடித்தே அது கலைந்தது. அவ்வெல்லையை அறிந்திருந்தமையே அதன் வலிமை என்பது நம் துணிபு.