மைஸ்டர் (ஜெர்மனி)

மைஸ்டர் என்பது ஜெர்மனியில் தச்சர், கொத்தனார், மின்பணியாளர் முதலிய கைத்தொழிலாளர் பெறும் மிக உயர்ந்த தொழில்தகுதி ஆகும். ஒரே தொழிலைச் செய்வோர் இடைக்கால நகரங்களில் அமைத்துக்கொண்ட தொழிற்குழுக்களில் வேர்கொண்ட இம்முறை, மேற்கு ஜெர்மனியில் 1953இல் இயற்றப்பட்ட கைத்தொழில் ஒழுங்குச் சட்டத்தால் இன்றைய வடிவைப் பெற்றது.

பழகுநர் ஒருவர் வாரத்தின் சில நாட்களைப் பட்டறையிலும் எஞ்சியவற்றைத் தொழிற்பள்ளியிலும் கழிக்கும் இரட்டைப் பயிற்சியில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பயின்று, தேர்வெழுதி, 'கெசெல்லெ' என்னும் தேர்ந்த தொழிலாளர் நிலையை அடைகிறார். தச்சருள் சிலர் இதன்பின் கரிய உடையும் அகன்ற தொப்பியும் அணிந்து, சொந்த ஊரின் 50 கிலோமீட்டர் எல்லைக்குள் நுழையாமல், மூன்று ஆண்டுகளும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சென்று வேலை கற்கும் பழைய மரபு இன்றும் அற்றுப்போகவில்லை.

மைஸ்டர் தேர்வு செய்முறை, தொழிற்கோட்பாடு, வணிகமும் சட்டமும், கற்பித்தல் என நான்கு பகுதிகளை உடையது. இவற்றுள் கற்பித்தலே இம்முறையின் உயிர்நாடி எனலாம். கைத்திறன் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழி அதுவே.

சொந்தமாகத் தொழில் நடத்த மைஸ்டர் தகுதி கட்டாயம் என்னும் விதி போட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்ற குறைகூறலை ஏற்று, 2004இல் 53 தொழில்களுக்கு அக்கட்டாயம் நீக்கப்பட்டது. ஓடு பதித்தல் உள்ளிட்ட 12 தொழில்களுக்கு 2020இல் அது மீண்டும் விதிக்கப்பட்டது. ஜெர்மானியத் தகுதி வரிசையில் மைஸ்டரும் இளநிலைப் பட்டமும் ஒரே ஆறாம் படிநிலையில் வைக்கப்பட்டுள்ளன.