கோவில்பட்டி டு ஜகார்த்தா... ஒரு கோல்ல போன ஃபைனல்! மாரீஸ்வரன் - கார்த்தி கதை தெரியுமா?

2022 பிப்ரவரியில ஆப்பிரிக்கக் கோப்பை ஃபைனல்ல சாடியோ மானே கடைசி பெனால்ட்டியை அடிச்சு செனகலுக்கு முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரீல்ஸ்ல எத்தனை தடவை பார்த்திருப்பீங்க! அதே வருஷம் மே மாசம், நம்ம கரிசல் மண்ணுல பயிற்சி எடுத்த ரெண்டு பசங்க இந்திய ஜெர்ஸி போட்டு இறங்கினாங்க. அதை எத்தனை பேர் பார்த்தோம்?

ஒருத்தர் கோவில்பட்டிக்காரர் மாரீஸ்வரன் சக்திவேல். இன்னொருத்தர் அரியலூர்ல பிறந்து, கோவில்பட்டியில இருக்கிற தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட ஹாக்கி மையத்துல வளர்ந்த கார்த்தி செல்வம். புதியம்புத்தூர்னா ரெடிமேட் துணி, கோவில்பட்டின்னா கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்னு வெளியூர்க்காரங்க சொல்வாங்க. உள்ளூர்ல கேட்டா மூணாவதா ஹாக்கியையும் சேர்த்துக்குவாங்க. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிற ஊர் இது.

இங்கே செயற்கைப் புல்தரை வந்தது சாதாரண விஷயம் இல்லை. கரிசல் மண் வெயில்ல வெடிக்கும், மழையில ஒட்டும். மண் தரையில பந்து எகிறி எகிறி வரும். செயற்கைத் தரையில வழுக்கிக்கிட்டு வேகமா வரும். ரெண்டும் வேற வேற ஆட்டம் மாதிரிதான். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்ல முதல்முறையா செயற்கைத் தரையில ஆடினப்போ, அதுவரை பதக்கம் இல்லாம திரும்பாத இந்தியா ஏழாவது இடத்துக்குப் போச்சு. சின்ன வயசுலேயே அந்தத் தரையில கால் பழகணும்னு சொல்றது இதனாலதான்.

இப்போ ஜகார்த்தா. ஆசியக் கோப்பை. சீனியர் வீரர்கள் பெரும்பாலும் இல்லாத இளம் அணி. பீரேந்திர லக்ரா கேப்டன், சர்தார் சிங் கோச். முதல் மேட்ச்சே பாகிஸ்தான்! அறிமுக ஆட்டத்திலேயே 9-வது நிமிஷத்துல கார்த்தி கோல் போட்டார். ஆனா 59-வது நிமிஷத்துல பாகிஸ்தான் சமன் பண்ணிருச்சு, 1-1. அடுத்து ஜப்பான்கிட்ட 2-5 தோல்வி. சூப்பர் 4 போகணும்னா இந்தோனேஷியாவை 15 கோல் வித்தியாசத்துல ஜெயிக்கணும். நம்ப மாட்டீங்க, 16-0!

சூப்பர் 4-ல ஜப்பானை 2-1னு பழிதீர்த்தாங்க, மலேசியாவோட 3-3. கடைசி மேட்ச் தென் கொரியா. ஜெயிச்சா ஃபைனல். ஸ்கோர் 3-3ல நிக்கும்போது, 37-வது நிமிஷம் மாரீஸ்வரன் ஸ்டிக்ல இருந்து நாலாவது கோல்! அந்த முன்னிலை ஏழே நிமிஷம்தான் தாங்குச்சு. 44-வது நிமிஷத்துல கொரியா திருப்பிப் போட, 4-4. இந்தியா, மலேசியா, கொரியா மூணு பேருக்கும் அஞ்சு புள்ளி. கோல் வித்தியாசத்தால உள்ளே வந்த அணி, கோல் வித்தியாசத்தாலேயே ஃபைனலை விட்டுச்சு. வெண்கலத்துக்கான ஆட்டத்துல ஜப்பானை 1-0னு ஜெயிச்சு பதக்கத்தோட திரும்பினாங்க. இளம் அணிக்கு அது சின்ன விஷயமே இல்லை.

கார்த்தியோட அடுத்த பெரிய மேடை நம்ம சென்னை. 2023 ஆகஸ்ட்ல எழும்பூர்ல ஆசிய சாம்பியன்ஸ் டிராபி. மலேசியாவை 5-0னு அடிச்ச ஆட்டத்துல முதல் கோல் அவரோடது. அரையிறுதியில ஜப்பானுக்கு எதிரா 5-0. அஞ்சாவது கோலும் அவர்தான். ஃபைனல்ல 1-3னு பின்தங்கி, 4-3னு மலேசியாவை ஜெயிச்சது இந்தியா.

அப்புறம்? இங்கேதான் கொஞ்சம் கசப்பு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம் ஜெயிச்ச அணியில தமிழ்நாட்டு வீரர் ஒருத்தர்கூட இல்லை. 1980 மாஸ்கோ தங்க அணிக்கு வி.பாஸ்கரன் கேப்டனா இருந்த மாநிலம் நம்மளோடது! ஃபார்வர்டு இடத்துக்கு இந்தியாவுல போட்டி அவ்வளவு கடுமை. ஒரு தொடர்ல நல்லா ஆடினாலும் அடுத்த தொடருக்கு இடம் நிச்சயமில்லை.

உங்க வீட்டுல ஸ்டிக்கைக் கீழே வைக்காத தம்பியோ தங்கச்சியோ இருந்தா, ஆணையத்தோட விளையாட்டு விடுதித் தேர்வு அறிவிப்பை அவங்க இணையதளத்துல பார்த்துட்டே இருங்க. தங்குற இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. கார்த்தி அரியலூர்ல இருந்து கோவில்பட்டிக்கு வந்தது அந்த வழியிலதான்.