சாக்கும் திருகும் தோளும்: தானியம் ஏற்றும் கருவியின் வரலாறு

அறுவடை இயந்திரத்தின் வரலாறு பெரும்பாலும் கத்தியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அறுப்பு, போரடிப்பு, தூற்றல் ஆகிய மூன்று தொழில்களும் ஒரே பொறிக்குள் அடங்கிய விதமே அதில் முதலிடம் பெறுகிறது; ‘கம்பைன்’ என்னும் பெயரும் அந்த இணைப்பையே சுட்டுகிறது. தூற்றி முடித்த தானியம் பொறியிலிருந்து எவ்வாறு வெளியேறியது என்னும் வினா ஓரமாகவே நிற்கிறது. ஆயினும் வயலில் எத்தனை பேருக்கு வேலை இருந்தது, சுமை யாருடைய தோளில் ஏறியது என்பவற்றைத் தீர்மானித்ததில் அந்த வெளியேற்றத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஹிராம் மூரும் ஜான் ஹாஸ்கலும் 1836இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கம்பைனுக்குக் காப்புரிமை பெற்றனர். ஈரமான அந்நிலத்தில் அது வேரூன்றவில்லை. 1854இல் அவ்வகைப் பொறி ஒன்று கப்பலேறிக் கலிபோர்னியாவை அடைந்து, அந்தப் பருவத்தில் ஏறத்தாழ 600 ஏக்கர் கோதுமையை அறுத்தது. பின்னர் அங்கு உருவான பெரிய கம்பைன்களில், குதிரைகளை ஓட்டுபவரோடு சாக்கைப் பிடித்துக் குலுக்கி நிரப்புபவரும் அதன் வாயைத் தைப்பவரும் பயணம் செய்தனர். தைத்த மூட்டைகள் சரிவுப் பலகை வழியே வயலில் இறக்கப்பட்டன. கோடையில் மழை பெய்யாத நிலம் என்பதால், வண்டி வரும்வரை அவை வெட்டவெளியில் கிடந்தாலும் கெடவில்லை.

அந்தச் சாக்குகளில் பெரும்பகுதி வங்காளத்துச் சணலில் நெய்யப்பட்டுக் கல்கத்தாவிலிருந்து சென்றவை. இறக்குமதிச் சாக்கின் விலை உழவர்களை அழுத்தியபோது, கலிபோர்னிய அரசு 1882இல் சான் குவென்டின் சிறையிலேயே சணல் ஆலை நிறுவிக் கைதிகளைக் கொண்டு சாக்கு நெய்வித்தது. ஓர் இயந்திரத்தின் வாய், கடல் கடந்த ஒரு பயிரையும் ஒரு சிறைச்சாலையையும் இவ்வாறு பிணைத்திருந்தது.

சாக்கில்லாமல் தானியத்தைக் கையாளும் முறை துறைமுகத்தில் முன்பே பிறந்திருந்தது. பஃபலோ நகரில் ஐரிஷ் தொழிலாளர்கள் கப்பலிலிருந்து தானியத்தை முதுகில் சுமந்து இறக்கி வந்தனர். 1842இல் ஜோசப் டார்ட் என்னும் வணிகரும் ராபர்ட் டன்பார் என்னும் பொறியாளரும் அங்கே நீராவியால் இயங்கும் ஏற்றியை அமைத்தனர். வாரில் கோத்த வாளிகள் தானியத்தை முகந்து மேலே கொண்டு சென்றன. ஆலிவர் எவான்ஸ் மாவாலைக்காக முந்தைய நூற்றாண்டிலேயே வகுத்த முறையே இதற்கு அடிப்படை. வயலில் இம்மாற்றம் நிகழ மோட்டார் லாரியும் டிராக்டரும் வரவேண்டியிருந்தது. அதன் பின்னரே கம்பைனின் மேல் தானியத் தொட்டியும், அதிலிருந்து நீளும் திருகுக் குழாயும் பரவலாயின.

திருகுக் குழாயின் உருவம் எளியது, வடிவமைப்பு எளியதன்று. குழாயைச் செங்குத்தாக நிமிர்த்த நிமிர்த்தத் தானியம் பின்வழிந்து, ஏற்றும் அளவு குறையும். அதை ஈடுசெய்ய வேகத்தைக் கூட்டினால் மணி உடையும். திருகின் விளிம்புக்கும் குழாய்க்கும் இடைவெளி பொருந்தாவிடில் மணி அதில் சிக்கி நசுங்கும். ஈர நெல்லோ கோதுமையைப் போல வழுக்கி வராது. தொட்டியின் அடிச்சுவர் போதிய சரிவின்றி இருந்தால் மூலையிலேயே தேங்கும். குழாய் முன்புற வெட்டுப் பகுதியின் அகலத்தைத் தாண்டி நீண்டால்தான், உடன் ஓடும் டிராக்டரின் டிரெய்லரில் நிற்காமலே கொட்ட முடியும்; சாலையில் செல்லும்போது அதே குழாய் மடங்கவும் வேண்டும்.

இக்கருவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘ஆகர்’ முற்காலத்தில் ‘நாகர்’ என வழங்கியது. சக்கரக் குடத்தைத் துளைக்கும் ஈட்டி என்பது அதன் பழைய கூட்டுப்பொருள். முன்னின்ற ‘அ’ என்னும் சுட்டடையோடு சேர்த்து ‘அ நாகர்’ என்றதை, கேட்டோர் ‘அன் ஆகர்’ எனப் பிரித்தமையால் முதலெழுத்து உதிர்ந்தது. மரம் துளைத்த கருவியின் பெயர் தானியம் நகர்த்தும் கருவிக்கும் சென்றது. துளைத்தல் மறைந்து திருகு மட்டும் பொருளில் எஞ்சியது.

இந்தியாவில் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் 1980இல் ஸ்வராஜ் 8100 கம்பைனை வெளியிட்டது. பட்டியாலா மாவட்டத்தின் நாபா, கம்பைன் தொழிலின் மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. இன்று பஞ்சாப் வயலில் தொட்டி நிறைந்த கோதுமை சில நிமிடங்களில் டிராலிக்குள் கொட்டப்படுகிறது. ஆனால் மண்டியை அடைந்ததும் அது தரையில் குவிக்கப்பட்டு, மீண்டும் தூய்மை செய்யப்பட்டு, பெரும்பாலும் 50 கிலோ சணல் சாக்குகளில் நிரப்பப்படுகிறது. வயலில் ஒழிந்த சாக்கு மண்டியில் திரும்பி வருகிறது.

இதைத் தொழில்நுட்பப் பின்தங்கல் என்று மட்டும் கூறிவிட முடியாது. உணவு தானியத்தைச் சணல் சாக்கில் அடைக்க வழிசெய்யும் 1987ஆம் ஆண்டுச் சட்டம், வங்காளத்துச் சணல் உழவரையும் ஆலைத் தொழிலாளரையும் காக்க இயற்றப்பட்டது. மண்டியில் மூட்டை சுமக்கும் ‘பல்லேதார்’களின் கூலியும் அந்தச் சாக்கையே சார்ந்துள்ளது, அவர்களுள் பலர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வருபவர்கள். தானியத்தைச் சாக்கின்றிக் கையாளும் சைலோக்கள் பெருகினால் அவர்களின் தோள்வலி குறையும், கூலியும் குறையும். பஃபலோவில் தானியம் சுமந்தவர்களும் 1842இல் இதே நிலையில்தான் நின்றனர். தானியம் ஏற்றும் கருவியை மதிப்பிடுவோர் அது நிமிடத்துக்கு எத்தனை கிலோ கொட்டுகிறது என்பதோடு, இதுவரை அதைச் சுமந்தவர் அடுத்த பருவத்தில் எங்கே வேலை தேடுவார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.