புகை போகும் வழி

கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டுகிறோமே, ஃபேன் வைத்த ஸ்டீல் பெட்டி, அதைச் 'சிம்னி' என்கிறோம். நிஜ சிம்னிக்கு ஃபேனே கிடையாது! சூடான புகை தானாக மேலே ஏறும். ஒரு குழாய் வைத்துக் கொடுத்தால் போதும்.

ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற இன்ஜினீயர் செய்தது அதைத்தான். களிமண் அடுப்பு, கூடவே ஒரு புகைக்குழாய். ஊதாங்குழலும் கையுமாக, கண் எரிய இருமிக்கொண்டிருந்த பெண்களுக்காக! லட்சக்கணக்கான வீடுகளுக்கு இது போகவேண்டும் என்று அவர் எழுதிய சின்னப் புத்தகம் 1953-ல் வெளியானது, நம்ம மெட்ராஸில்.

பிறகு மத்திய அரசே களத்தில் இறங்கி, 1980-களிலிருந்து 2002 வரை புகை குறைந்த அடுப்புகளைக் கோடிக்கணக்கில் கொடுத்தது. என்ன ஆச்சு? பல வீடுகளில் குழாயைக் கரி அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்யவும், ரிப்பேர் பார்க்கவும் ஆளில்லை. புகை பழையபடி சமையலறைக்கே வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் அதே கதை நடக்கலாம். கரிக்குப் பதில் எண்ணெய்ப் பிசுக்கு, அவ்வளவுதான். ஃபில்டரைக் கழுவாவிட்டால் இழுவை குறையும். அதுகூடப் பரவாயில்லை, வாணலியில் குப்பென்று தீப்பிடித்தால் அந்தப் பிசுக்கும் சேர்ந்து எரியும்! அடுப்புக்கும் சிம்னிக்கும் கம்பெனி சொன்ன இடைவெளி இருக்கட்டும். குழாய் அதிகம் வளையாமல், வீட்டுக்கு வெளியே போய்த் திறக்கட்டும்.

இன்னொன்று. கேஸ் வாடை அடித்தால், 'இழுத்துவிடுமே' என்று சிம்னி ஸ்விட்சைத் தட்டிவிடாதீர்கள். ஸ்விட்சில் பறக்கும் சின்னப் பொறி போதும். முதலில் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறங்கள்.