எஞ்சின் சூடேறல் (பிக்கப் வண்டி)

எஞ்சினின் வெப்பநிலை, வழக்கமான சுமார் 90 பாகை செல்சியசைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும் கோளாறு. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் தர்பூசணி, கரும்பு, மணிலா (நிலக்கடலை) ஏற்றும் வண்டிகளில் கோடை வெயிலும் மிகை பாரமும் இதைத் தூண்டும்.

*கண்டறிதல்:* முதலில் கூலன்ட் அளவையும் கசிவையும் பார்க்க வேண்டும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நிற்கும்போது மட்டும் வெப்பமானி முள் ஏறினால் விசிறியிலும், நெடுஞ்சாலை ஓட்டத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பிலும் ஐயம் கொள்ளலாம். மேல் ஹோஸ் சுட, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமலோ வாட்டர் பம்ப் இயங்காமலோ இருக்கலாம். ரேடியேட்டரில் ஓயாத குமிழி, வெள்ளைப் புகை, பால்நிற ஆயில் ஆகியவை ஹெட் கேஸ்கட் பழுதைச் சுட்டும்.

*எச்சரிக்கை:* கூலன்டுக்குப் பதில் உப்புள்ள போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிடும். ஆறவிட்டே திறக்க வேண்டும்.