பெயர்களும் பருவங்களும்: திருவண்ணாமலையில் ரமணரின் அடையாள உருவாக்கம் (1896–1950)

ஆய்வுச்சுருக்கம்

மனிதரின் அடையாளம் இளமையில் ஒருமுறை உருவாகி நிலைபெறுகிறதா, வாழ்நாள் முழுவதும் பிறரால் மீண்டும் மீண்டும் வரையறுக்கப்படுகிறதா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. பதினாறாம் வயதில் வீட்டைத் துறந்து, இறுதிவரை திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமணரின் வாழ்க்கை இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அவர் களைந்த குடும்பம், சாதி, பெயர் ஆகிய மூன்றும் வேறு வடிவங்களில் அவரிடம் திரும்பி வந்தன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: அடையாளம், வாழ்க்கைப் பருவங்கள், ரமணர், அழகம்மாள், திருவண்ணாமலை, அதியாசிரமம்.

முன்னுரை

மனித வாழ்வைப் பருவங்களாகப் பகுத்து நோக்கும் மரபு தமிழில் தொன்மையானது. பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுக்கிறது. உலா இலக்கியம் பெண்ணைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களில் காண்கிறது. வடமொழித் தரும நூல்கள் பிரமசரியம், இல்லறம், வானப்பிரத்தம், சந்நியாசம் என நான்கு ஆசிரமங்களை வகுத்தன. இருபதாம் நூற்றாண்டில் உளவியலாளர் எரிக் எரிக்சன், 1950இல் வெளியான தம் நூலில் மனித வாழ்வை எட்டுப் படிநிலைகளாகப் பிரித்தார். அவற்றுள் ஐந்தாவதான விடலைப் பருவத்தின் தலையாய பணி 'நான் யார்' என்பதற்கு விடை காண்பதே என்றார்.

இப்பகுப்புகள் யாவும் ஒரு பருவத்தை அடுத்து மற்றொன்று வரும் என்னும் வரிசையை அடிப்படையாகக் கொண்டவை. அவ்வரிசையை இடையில் முறித்துக்கொண்ட ஒருவரின் அடையாளம் பின்னர் எவ்வாறு வளர்கிறது என்பது ஆராயத்தக்கது.

தந்தையின் இழப்பும் மதுரை வாழ்வும்

வேங்கடராமன் என்னும் இயற்பெயருடைய ரமணர் 1879 டிசம்பர் 30இல் திருச்சுழியில் பிறந்தார். வழக்காடும் தொழில் செய்துவந்த தந்தை சுந்தரமையர் 1892இல் மறைந்தபோது மகனுக்கு வயது பன்னிரண்டு. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த மகன் நாகசுவாமியும் வேங்கடராமனும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் வளர்ந்தனர். தாய் அழகம்மாள் இளைய பிள்ளைகளுடன் மானாமதுரைக்குச் சென்றார். 1896 ஜூலையில், மதுரை வீட்டின் மாடியறையில், உடல் நலத்துடன் இருந்த வேங்கடராமனைத் திடீரென மரண அச்சம் பற்றியது. பிணம்போல் கிடந்து, இறப்பது எது, எஞ்சுவது எது எனத் தமக்குள் வினவிய அந்நிகழ்வே அவர் வாழ்வின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது.

இந்நிகழ்வைப் பற்றிய சான்றின் தன்மையும் கருதத்தக்கது. பி.வி. நரசிம்ம சுவாமி எழுதி 1931இல் வெளிவந்த ஆங்கில வாழ்க்கை வரலாறே இதனை விரிவாகப் பதிவு செய்தது. நிகழ்வுக்கும் நூலுக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. நூலில் தன்மையிடத்தில் அமைந்த அப்பகுதி ரமணரின் சொற்களை அப்படியே எழுதியதன்று என்றும், 'நான்', 'நீ' எனச் சுட்டாமல் பேசுவதே ரமணரின் வழக்கம் என்றும், தமிழ்மொழி அதற்கு இடம்தருகிறது என்றும் நூலாசிரியரே குறித்துள்ளார். ஆகவே, நாம் இன்று படிக்கும் 'நான்' என்னும் சொல் பிற்காலத்தவர் அமைத்துத் தந்ததாகும்.

கையொப்பமில்லாக் கடிதம்

1896 ஆகஸ்டு 29இல் வீட்டை விட்டு நீங்கும்போது அவர் எழுதிவைத்த கடிதம் இதனினும் நேரடியான சான்று. தந்தையைத் தேடிச் செல்வதாகக் கூறும் அக்கடிதம் 'நான்' எனத் தொடங்குகிறது. அடுத்த தொடரிலேயே எழுதுபவர் 'இது' என அஃறிணையாகிவிடுகிறார். இறுதியில் கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் கோடுகளே உள்ளன. தமையனின் கல்லூரிக் கட்டணம் இன்னும் செலுத்தப்படவில்லை என்னும் செய்தியும் அதிலேயே இடம்பெறுகிறது. பெயரைத் துறக்கும் கடிதத்தில் குடும்பக் கணக்கும் ஒப்படைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

இளந்துறவி மார்ட்டின் லூதரின் அகப்போராட்டத்தை எரிக்சன் 1958இல் ஆராய்ந்தபோது, உயிருடன் இருந்த தந்தையுடனான முரணை மையப்படுத்தினார். இங்கே தந்தை உயிருடன் இல்லை. அவ்விடத்தில் அருணாசலம் வைக்கப்படுகிறது. முரண்பாட்டைக் கொண்டு லூதருக்குத் தரப்பட்ட விளக்கம், இழப்பிலிருந்து தொடங்கும் இவ்வாழ்வுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை.

நகரம் இட்ட பெயர்கள்

செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை வந்தடைந்த வேங்கடராமன், தலையை மழித்தார், பூணூலைக் களைந்தார், மீதிப் பணத்தை அய்யங்குளத்தில் எறிந்தார், வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டார். குடும்பம், சாதி, உடைமை ஆகியவற்றின் புறக்குறிகள் ஒரே நாளில் நீங்கின. ஆயினும் பேசாதிருந்த அவ்விளைஞரை நகரத்தார் 'பிராமண சுவாமி' என்றே அழைத்தனர். பூணூல் போயிற்று, சாதி பெயராக நின்றது. முன்பே அந்நகரில் துறவியாக அறியப்பட்டிருந்த சேஷாத்திரி சுவாமிகளை ஒட்டிச் 'சின்ன சேஷாத்திரி' என்றும் சிலர் அழைத்தனர். தான் அறியாத ஒருவரைத் தான் அறிந்த வகைகளுள் ஒன்றில் வைத்தே சமூகம் ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு இவ்விரு பெயர்களும் சான்றாகின்றன.

குருமூர்த்தத்தில் தங்கியிருந்த காலத்தில், அரசு அலுவலகக் கணக்கர் ஒருவர் பெயரறியாமல் நகர மறுக்கவே, அவர் தம் பெயரையும் திருச்சுழி என்னும் ஊரையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டினார். அதன்பின் இருப்பிடம் உறவினர்க்குத் தெரியவந்தது. 1898 டிசம்பரில் தாயும் தமையனும் பவழக்குன்றுக்கு வந்து அழைத்தனர். அவரவர் வினைப்படியே யாவும் நிகழும் என்னும் கருத்தை எழுதிக் காட்டிய மகன் உடன் செல்லவில்லை. 1907 நவம்பரில் காவியகண்ட கணபதி சாஸ்திரி, வேங்கடராமன் என்பதைச் சுருக்கி 'ரமண மகரிஷி' எனப் பெயரிட்டார். உலகம் இன்று அறியும் பெயர், வீட்டார் இட்ட பெயரின் ஈற்றுப் பகுதியே. ஹோம்பர்கர் என அறியப்பட்டிருந்த எரிக்சன் அமெரிக்காவில் தமக்குத் தாமே புதுப்பெயர் சூட்டிக்கொண்டவர். ரமணர் தமக்கு எப்பெயரையும் சூட்டிக்கொள்ளவில்லை. பிறர் இட்டவற்றை மறுக்கவும் இல்லை.

பெயரற்ற பருவம்: தாயின் முதுமை

மகனின் வரலாற்றில் துணைப்பாத்திரமாகக் கூறப்படும் அழகம்மாளின் வாழ்வு தனித்து நோக்கத்தக்கது. உலா இலக்கியத்தின் ஏழு பருவங்கள் நாற்பது வயதுடன் முடிவடைகின்றன. அதற்குப் பிந்திய பெண்ணின் வளர்ச்சிக்கு அம்மரபில் பெயரில்லை. கணவரை 1892இலும் மூத்த மகனை 1900இலும் இழந்த அழகம்மாள் 1916இல் மகனிடமே வந்து தங்கினார். மகனை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வந்தவர், மகன் இருந்த இடத்தையே வீடாகக் கொண்டார். துறவிகள் இரந்துண்டு வாழ்ந்த மலையில் கந்தாசிரமத்தில் சமையல் தொடங்கியது இவரால்தான். இளைய மகன் நாகசுந்தரமும் அங்கு வந்து நிரஞ்சனானந்தராகத் துறவேற்றார்.

1922 மே 19இல் தாய் மறைந்தபோது உடல் எரியூட்டப்படவில்லை. துறவிகட்குரிய முறைப்படி மலையடிவாரத்தில் சமாதி வைக்கப்பட்டது. கைம்பெண்ணாக வந்தவர் துறவிக்குரிய மதிப்புடன் அடக்கம் பெற்றார். அச்சமாதியை ஒட்டியே ரமணாசிரமம் வளர்ந்தது. சமாதியின்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலின் குடமுழுக்கு 1949இல் நடைபெற்றது.

நான்கு ஆசிரமங்களுக்கு அப்பால்

ஆசிரமம் நிறுவனமானபோது சட்டமும் அடையாளத்தை வினவியது. 1936இல் ஆசிரமம் தொடர்பான வழக்கொன்றில் ரமணரிடம் சாட்சியம் பெறப்பட்டது. அவர் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்னும் வினாவுக்கு, நான்கையும் கடந்த 'அதியாசிரமம்' என விடையளித்தார். முறைப்படி சந்நியாசம் பெறாதவர் அவர், இல்லறத்தாரும் அல்லர். பருவ வரிசைக்குப் புறத்தே நிற்பதற்கும் மரபிலேயே ஒரு சொல் இருந்தது.

எனினும் நிறுவனம் வரிசையின் புறத்தே நிற்க இயலவில்லை. 1938இல் எழுதப்பட்ட உயில் நிருவாகத்தைத் தம்பியின் வழியினர்க்கு உரியதாக்கியது. 1953இல் நிரஞ்சனானந்தர் மறைந்தபின் அவர் மகன் பொறுப்பேற்றார். ஆசிரம உணவுக்கூடத்தில் பிராமணர்க்கெனத் தனிப் பந்தி நிலவியது. 1896இல் களையப்பட்ட குடும்பமும் சாதியும் நிருவாகமாகவும் பந்தியாகவும் மீண்டும் இடம்பெற்றன.

முடிவுரை

எரிக்சனின் ஏழாம் நிலை, அடுத்த தலைமுறையைப் பேணுதல். மக்கட்பேறின்றியே அப்பணி ரமணர் வாழ்வில் நிறைவேறியது. எனவே படிநிலைக் கோட்பாடு துறவு வாழ்வுக்கு முற்றிலும் புறம்பானதன்று. ஆயினும் அது தனிமனிதரையே வளரும் பொருளாகக் கொள்கிறது. ரமணரைப் பொறுத்தவரை 'நான் யார்' என்னும் வினா 1896இலேயே தீர்ந்துவிட்டது. அவர் யார் என்னும் வினாவோ கணக்கர், தாய், கவிஞர், நீதிமன்றம் எனப் பலராலும் 1950 ஏப்ரல் 14இல் அவர் மறையும்வரை எழுப்பப்பட்டது. மாறிவந்தவர்களுள் மிகுதியும் மாறியவர் அழகம்மாளே என்பதும், அம்மாற்றம் மரபு பெயரிடாத முதுமையில் நிகழ்ந்தது என்பதும் இவ்வாய்வின் வழிப் பெறப்படுகின்றன. வாழ்க்கைப் பருவ ஆய்வு, துறந்து சென்றவரைப் போலவே அவரைத் தேடி வந்தவரையும் ஒருங்கே ஆராய்வது இன்றியமையாதது.